தொகுத்த வயதும் பிரித்த வயதும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - புள்ளியியல்

மனிதரை எண்ணுவது பழைய வேலை. வயது கேட்டு எண்ணுவது அதனினும் கடினமான வேலை. நம் நாடு முழுவதையும் ஒரே காலத்தில் எண்ணும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 1881ஆம் ஆண்டு தொடங்கிற்று. அது முதல் 2011 வரை, பத்தாண்டுக்கு ஒரு முறை, போரென்றும் பஞ்சமென்றும் பாராமல் அது நடந்து வந்திருக்கிறது. வீடு வீடாகப் படியேறி எழுதிய அந்த வயதுகள் நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் கட்டுக் கட்டாகவே வருகின்றன. 0-4 இத்தனை பேர், 5-9 இத்தனை பேர், 10-14 இத்தனை பேர் என்று ஐந்து ஐந்தாகத் தொகுத்த அட்டவணைகளே நம் நூலகத்திலும் கணிப்பொறித் திரையிலும் கிடைப்பவை.

ஆனால் நமக்கு வேண்டிய வயது, அட்டவணை கட்டிய கட்டுக்குள் எப்போதும் அடங்குவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. 5-9 என்னும் கட்டை அவிழ்க்காமல் அவர்களை எண்ண இயலாது. வாக்குரிமை 18 வயதில் வருகிறது. 15-19 என்னும் கட்டின் நடுவே அந்தக் கோடு விழுகிறது. சிற்றூர் வரையில் கிடைக்கும் கணக்கெடுப்புச் சுருக்கமோ 0-6 என ஏழு வயதுகளை ஒன்றாகக் கட்டித் தருகிறது. ஒரு கட்டை அவிழ்த்து வேறு கட்டாகக் கட்ட வேண்டிய தேவை இவ்வாறு நாள்தோறும் எழுகிறது. இன்று அதனை நிரல் எழுதிக் கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அப்படி ஒப்படைக்கும்போது எதை ஒப்படைக்கிறோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே என் குறை. அது பற்றியே இக்கட்டுரை.

கூட்டல் உறுதி; பிரித்தல் ஊகம்

பால் சங்கத்தில் காலையில் பல வீட்டுப் பாலையும் அளந்து ஒரே கேனில் ஊற்றுகிறார்கள். கேனில் நாற்பது லிட்டர் இருக்கிறது என்பது உறுதி. அளவு எழுதிய ஏடு தொலைந்துவிட்டால், எந்த வீட்டுப் பால் எத்தனை லிட்டர் என்று அந்தக் கேனைப் பார்த்து யாரும் சொல்ல இயலாது. எட்டு வீடு ஊற்றின. ஆகவே வீட்டுக்கு ஐந்து லிட்டர் என்று சொல்லலாம். அது கணக்குத்தான், ஆனால் அது அளந்த அளவு அன்று.

வயதுத் தொகுதியும் அத்தகையதே. தனித்தனி வயதுகளைக் கூட்டி 5-9 என ஆக்குவதில் ஐயத்துக்கு இடமில்லை. 5-9ஐ மீண்டும் 5, 6, 7, 8, 9 எனப் பிரிக்கும்போது நாம் ஏதோ ஒன்றை நம்பித்தான் பிரிக்கிறோம். ஐந்து வயதுகளிலும் சமமாக இருப்பர் என்று நம்பலாம். பக்கத்துத் தொகுதிகளைப் பார்த்து, இறங்கும் சரிவோ ஏறும் சரிவோ உள்ளே தொடரும் என்று நம்பலாம். எதை நம்பினோமோ அதுவே விடையாக வெளிவரும். நிரல் இதை ஒளிப்பதுமில்லை, சொல்வதுமில்லை. சொல்ல வேண்டியவர் எழுதியவரே.

ஏன் இப்போது?

இதுவரை நமக்கு ஒரு வசதி இருந்தது. பத்தாண்டுக்கு ஒரு முறை எண்ணியதால், 2001இல் 10-14 வயதில் இருந்தவர்கள் 2011இல் அப்படியே 20-24 என்னும் கட்டில் வந்து நின்றார்கள். இரு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும். பிரிக்க வேண்டிய வேலை இல்லை.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றால் நடக்கவில்லை. 2025 ஜூன் மாதம் வெளியான அறிவிக்கை, பனி மூடும் சில பகுதிகள் நீங்கலாக நாடு முழுமைக்கும் 2027 மார்ச்சு 1ஆம் நாளைக் குறிப்பு நாளாக வைத்துள்ளது. 2011 மார்ச்சு 1க்கும் அதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள். பதினாறு ஐந்தால் வகுபடாது! 2027இல் 25-29 வயதில் இருப்போர் 2011இல் 9-13 வயதினர். பழைய அட்டவணையில் அப்படி ஒரு கட்டே கிடையாது. 5-9இலிருந்து ஒரு வயதையும் 10-14இலிருந்து நான்கு வயதுகளையும் பிரித்தெடுத்துத்தான் அதை ஆக்க வேண்டும். 2011இன் 0-6 என்னும் எண்ணிக்கையில் நானும் ஒருவன். இக்கல்லூரியில் இன்று என்னோடு பயிலும் நண்பர்களுள் மிகப் பலரும் அதில் அடக்கம். நம் தலைமுறையில் எத்தனை பேர் ஊரில் நின்றோம், எத்தனை பேர் வெளியேறினோம் என்று நாளை ஒருவர் கணக்கிட வேண்டுமானால், அவர் முதலில் வயதுத் தொகுதிகளைப் பிரித்தாக வேண்டும்.

அங்கே செய்யும் சிறு பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் 2011இல் 5-9 வயதினர் 1,000 பேர், 10-14 வயதினர் 1,100 பேர் என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் 9-13 வயதினர் 200உம் 880உம் சேர்ந்து 1,080 பேர். 2027இல் அவ்வூரில் 25-29 வயதினர் 980 பேர் இருந்தால், 100 பேர் குறைந்திருக்கிறார்கள். இறந்தவர் போக, மற்றவர் பிழைப்புத் தேடிச் சென்றவர் என்போம். பிரித்ததில் 30 பேர் கூடிவிட்டிருந்தால்? 1,080இல் 30 என்பது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆனால் 100இல் 30 என்பது பத்தில் மூன்று பங்கு! ஊரை விட்டுப் போகாத முப்பது பேரைப் போனவர்களாக எழுதிவிடுகிறோம்.

பழைய அட்டவணைகளிலும் இச்சிக்கல் உண்டு. 1971இல் எழுத்தறிவு நூற்றுக்கு 34.45 என்றும், 1981இல் 43.57 என்றும் மேடைகளில் சொல்கிறோம். முதல் எண் 5 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. இரண்டாவது எண் 7 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. அரிச்சுவடி பிடிக்கத் தொடங்கும் 5, 6 வயதுக் குழந்தைகளைக் கணக்கிலிருந்து நீக்கினாலே விழுக்காடு சிறிது ஏறிவிடும். இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் ஒப்பிடுவது முறையாகாது.

ஒரே அட்டவணை, இரண்டு விடை

எங்கள் செய்முறை வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். 45-54 வயதினர் 1,040 பேர்; 55-64 வயதினர் 700 பேர்; 65-74 வயதினர் 400 பேர். வகுப்புக்கென்று அமைத்த எண்கள் இவை. 60-64 வயதினர் எத்தனை பேர் என்பது வினா. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்த இருவருக்கு இரண்டு விடை வந்தது. இருவர் நிரலும் பிழையின்றி ஓடிற்று.

ஒருவர் 700ஐப் பாதியாக்கி 350 என்றார். மற்றவர் செய்தது இது: வயது ஏற ஏறத் தொகை இறங்குகிறது, ஆகவே 55-59இல் கூடுதலாகவும் 60-64இல் குறைவாகவும் இருக்க வேண்டும். முந்திய தொகுதியிலிருந்து பிந்திய தொகுதியைக் கழித்தால் 640. அதனை 16ஆல் வகுத்தால் 40. பாதியாகிய 350உடன் அந்த 40ஐ முதற் பகுதிக்குக் கூட்டி, இரண்டாம் பகுதிக்குக் கழித்தால் 390, 310. இது இடைச்செருகல் பாடத்தில் நாம் படிக்கும் நியூட்டன் முறையிலிருந்தே வருவது. காகிதத்தில் மூன்று வரியில் முடிந்துவிடும்.

350க்கும் 310க்கும் இடையே 40 பேர். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 60 வயது நிறைந்தவரையே மூத்த குடிமகன் என்கிறது. முதியோருக்கு எத்தனை படுக்கை, எத்தனை பேருக்கு உதவித்தொகை என்று திட்டமிடும் அலுவலர் கையில் இவ்விரண்டு எண்களில் எது சேர்கிறதோ, அதைப் பொறுத்து நாற்பது முதியவர் கணக்கில் வருவர், அல்லது வாராமற் போவர். விடை எழுதிய தாளில் முறையின் பெயர் ஒரு சொல்லாக இருந்திருந்தால் போதும். அலுவலர் தாமே எடை போட்டுக்கொள்வார்.

நிரல் செய்வது என்ன?

பெயர்கள் பெரிதாக இருந்தாலும் செயல் எளிது. முதலில் தொகுதிகளைக் கூட்டிக்கொண்டே போய்க் குவிவு நிகழ்வெண் காண்கிறோம்: 5 வயது நிறையாதோர் இத்தனை, 10 நிறையாதோர் இத்தனை, 15 நிறையாதோர் இத்தனை. அடுத்து, இப்புள்ளிகளின் வழியே ஒரு கோடு இழுக்கிறோம். 9-13 வயதினர் வேண்டுமானால், அக்கோட்டில் 14க்கு நேரான எண்ணிலிருந்து 9க்கு நேரான எண்ணைக் கழிக்கிறோம். புள்ளிக்குப் புள்ளி நேர்கோடாக இழுத்தால் அதுவே சமப் பங்கீடு. வளைகோடாக இழுத்தால் சரிவையும் கணக்கில் கொண்ட பங்கீடு.

கணிப்பொறி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இதைக் கையால் செய்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் காப்பீட்டுக் கணக்கறிஞர் ஸ்பிரேக் வகுத்த முறையிலிருந்து வந்த பெருக்கெண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. 10-14இன் நடு வயதாகிய 12 வேண்டுமா? 0-4, 5-9, 10-14, 15-19, 20-24 ஆகிய ஐந்து தொகுதிகளையும் முறையே 0.0064, -0.0336, 0.2544, -0.0336, 0.0064 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுக. ஐந்து எண்களையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 0.2 வரும். அதாவது, தொகுதிகள் ஐந்தும் சமமாயின் விடை ஐந்தில் ஒரு பங்கே. கையால் ஒருமுறை இதைச் செய்து பார்த்தவருக்கு, அக்கம்பக்கத்துத் தொகுதிகள் விடைக்குள் எப்படி நுழைகின்றன என்பது விளங்கிவிடும். நிரலை மட்டும் ஓட்டியவருக்கு அது விளங்குவதில்லை.

நிரல் வாய் திறவாமல் செய்துவிடும் தவறுகளும் உண்டு. 5-9 என்பதில் 9இலிருந்து 5ஐக் கழித்து இடைவெளி 4 என்று எடுத்துக்கொள்ளும். 9 என்பது 10 நிறைய ஒரு நாள் குறையும் வரை 9தான் என்பதால் அது 5. அட்டவணையின் அடியில் ‘வயது குறிப்பிடாதோர்’ என்று ஒரு வரி இருக்கும். எண்ணாக இல்லாத அந்தத் தலைப்பைக் கண்டதும் அவ்வரியையே தள்ளிவிடும். அந்த மனிதர்கள் கணக்கிலிருந்து மறைவர். 80க்கு மேல் என்னும் திறந்தநிலைப் பிரிவுக்கு மேல் எல்லை இல்லை. எங்கே முடிப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தொகை சட்டென்று இறங்கும் இடங்களில் ஸ்பிரேக் முறை சிற்சில வேளை சுழிக்கும் கீழே போய்விடும்; கழித்தல் குறியோடு மனிதர் இருக்க முடியுமா? குவிவுக் கோடு எவ்விடத்தும் கீழிறங்காதபடி இழுக்கும் வழியை ஃபிரிட்ச், கார்ல்சன் என்னும் இருவர் 1980இல் தந்தார்கள். இன்றைய நிரல் தொகுப்புகளில் அது ஆயத்தமாகவே இருக்கிறது. ஆயினும் அதைத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு.

வளைகோடு அறியாத வாழ்க்கை

வளைகோடு சமப் பங்கீட்டைவிட நன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது உண்மையே என்று எண்ணிவிடக் கூடாது. வளைகோட்டுக்குத் தெரிந்தது வழவழப்பு ஒன்றே. மக்கள் வாழ்க்கை வழவழப்பானதன்று.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அறுபது ஆண்டுச் சுற்றைப் போன்றே அங்கும் ஒரு சுற்று உண்டு. அதில் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது ஒரு பழைய நம்பிக்கை. 1965இல் அங்குப் பிறந்த குழந்தைகள் 18 இலட்சத்துக்கு மேல். நெருப்புக் குதிரை ஆண்டாகிய 1966இல் 13.6 இலட்சம். மறு ஆண்டு 19 இலட்சத்துக்கு மேல்! ஓராண்டில் மட்டும் அப்படி ஒரு பள்ளம். இந்த ஆண்டுகளை ஐந்தைந்தாகக் கட்டிய அட்டவணையைக் கொடுத்து, எவ்வளவு நேர்த்தியான நிரலிடம் பிரிக்கச் சொன்னாலும் அந்தப் பள்ளம் திரும்பி வாராது. அவ்வாண்டில் எத்தனை பேர் பள்ளிக்கு வருவர் என்று அந்த நிரலை நம்பி வகுப்பறை கட்டியிருந்தால் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்திருக்கும்.

நம் ஊரில் சிக்கல் வேறு விதம். கணக்கெடுப்பவர் கேட்பது நிறைவடைந்த வயது. நம்மவர் சொல்வதோ பெரும்பாலும் நடப்பு வயது. ‘அறுபது முடிந்ததா, அறுபது நடக்கிறதா?’ என்று திருப்பிக் கேட்டால்தான் தெளிவு பிறக்கும். ‘அறுபது இருக்கும்’ என்று பெரியவர் சொல்லும்போது அந்த ‘இருக்கும்’ என்னும் சொல்லில் எத்தனை ஆண்டுகள் மறைந்திருக்கின்றன! வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டுக் காட்டியதனால் பள்ளியில் சேர்ந்தவர்களும், அன்றைக்கு ஆசிரியர் எழுதிய நாளையே பிறந்த நாளாகக் கொண்டு ஓய்வு பெற்றவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். இதனால் 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகளில் கூட்டம் சேர்கிறது.

இதை அளக்க விப்பிள் குறியீட்டெண் உண்டு. 23 முதல் 62 வரை உள்ளோரில் 25, 30, 35 என 60 வரை சொன்னவர்களைக் கூட்டி, 5ஆல் பெருக்கி, அவ்வயதினர் மொத்தத்தால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். 100 வந்தால் இலக்கச் சாய்வு இல்லை; 500 வந்தால் எல்லோரும் 0, 5 என்றே சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணைக் காணாமல் வயதைப் பிரிப்பது, தராசின் முள்ளைப் பாராமல் எடை போடுவதை ஒக்கும். 58 வயதினர் 60 என்று சொல்லியிருந்தால், அவர் இருக்க வேண்டிய தொகுதியே மாறிவிட்டது. அதற்குப் பின் எந்த வளைகோடு இழுத்து என்ன பயன்?

இரண்டு மறுப்புகள்

‘எல்லாமே மதிப்பீடுதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?’ என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். மதிப்பீடு என்று எழுதியிருந்தால் எனக்கு வழக்கே இல்லை. நடப்பது வேறு. நிரல் 310.0 என்று தருகிறது. அது ஆய்வேட்டில் 310 ஆகிறது. ஆய்வேட்டிலிருந்து அறிக்கைக்குப் போகும்போது ‘கணக்கெடுப்பின்படி 310 பேர்’ ஆகிறது. எண்ணாத ஒன்று மூன்றே படியில் எண்ணியதாகிவிடுகிறது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

‘அப்படியானால் பிரிக்காமலே விட்டுவிடலாமே’ என்பார் வேறு சிலர். அதுவும் சரியன்று. சட்டம் ஆறு வயதென்று சொல்லும்போது, எங்களிடம் ஐந்து முதல் ஒன்பது வரைதான் உண்டு என்று கைவிரித்தால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாத கதையாகும். ஆறு வயதுக் குழந்தைக்கு இருக்கை போட வேண்டும். பிரிக்கத்தான் வேண்டும், பிரித்தேன் என்று சொல்லவும் வேண்டும்.

என் வேண்டுகோள்

நம் துறையின் செய்முறைப் பதிவேட்டிலும், இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைகளிலும் நான்கு வழக்கங்கள் வேரூன்ற வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: பிரித்த எண்களைக் கூட்டினால் பழைய தொகை குறையாமல் கூடாமல் வர வேண்டும். இதைச் சரிபார்க்கும் ஒரு வரி இல்லாத நிரலுக்கு மதிப்பெண் தரலாகாது.

இரண்டு: எண்ணியது எது, கணித்தது எது என்று அட்டவணையில் தனித்தனிக் கட்டத்தில் காட்ட வேண்டும், முறையின் பெயரை அடியில் எழுத வேண்டும்.

மூன்று: ஒரு முறையோடு நில்லாமல் இரு முறையில் பிரித்து இரண்டையும் தர வேண்டும். இரண்டும் நெருங்கி வந்தால் நம்பிக்கை கூடும். விலகினால் படிப்பவர் விழிப்படைவர்.

நான்கு: தெரிந்த இடத்தில் நிரலைச் சோதிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு வயதையும் தனித்தனியே காட்டும் சி-13 என்னும் அட்டவணை வெளியாகியிருக்கிறது. அதை நாமே ஐந்தைந்தாகக் கட்டி, நிரலிடம் கொடுத்து அவிழ்க்கச் சொல்லி, வந்ததை உள்ளதோடு ஒப்பிடலாம். 30க்கும் 40க்கும் நேரே எழும் குவியல்களை வளைகோடு எப்படி மழுப்பிவிடுகிறது என்பதை ஒரு மாலைப்பொழுதில் கண்ணால் காணலாம். செலவு ஏதுமில்லை. எந்தப் பாடநூலும் தராத தெளிவை அந்த ஒரு பயிற்சி தரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நிரல் ஓடியதா என்று பார்ப்பதோடு, ‘நீ எதை நம்பிப் பிரித்தாய்?’ என்று வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியேனும் மாணவர் சிந்திப்பர்.

புதிய கணக்கெடுப்பின் அட்டவணைகள் வெளிவரும் நாளில், பதினாறு ஆண்டு இடைவெளியை நிரப்பும் பணி பல அலுவலகங்களில் தொடங்கும். அங்கே நிரல் எழுதி அமரப்போகிறவர்களுள் நம் கல்லூரி மாணவரும் இருப்பர். ஒரு முதியவரின் உதவித்தொகையும் ஒரு குழந்தையின் இருக்கையும் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். அன்று அவர்கள் தரும் ஒவ்வோர் அட்டவணையிலும், ‘இது எண்ணியது, இது யாம் பிரித்தது’ என்னும் இரண்டு தலைப்புகள் தவறாமல் இருக்க வேண்டும். புள்ளியியல் பயின்றவரிடம் நாடு எதிர்பார்க்கும் நாணயம் இதுவே.